நல்ல தண்ணீர் டேங்க்: பழைய படகுக்காரர்கள் கேட்டவை

தங்குகடல் போகும், அதாவது பல நாள் கடலிலேயே தங்கி மீன் பிடிக்கும், பழைய விசைப்படகுகளின் குடிநீர்த் தொட்டி பற்றி வந்த கடிதங்களுக்கு இந்த இதழ் முழுவதையும் ஒதுக்கியிருக்கிறோம். எஞ்சினுக்கும் வலைக்கும் காட்டும் அக்கறையில் கால்வாசி கூட இந்தத் தொட்டிக்குக் கிடைப்பதில்லை. பன்னிரண்டு பேர் இருபத்தைந்து நாள் குடித்துச் சமைத்துச் சாப்பிடும் பாத்திரம் அது. வீட்டுக் குடத்தை எப்படிக் கழுவி வைப்போமோ அப்படித்தான் அதையும் வைத்திருக்க வேண்டும்.

கேள்வி: பதினாறு வருடம் ஓடிய இரும்புப் படகைக் கைமாற்றி வாங்கினோம். பின்பக்கம் இரண்டு ஓரத்திலும் நல்ல தண்ணீர் டேங்க் இருக்கிறது. படகின் பக்கத் தகடுதான் டேங்குக்கும் ஒரு சுவர். நிரப்பிய நாலாம் நாளே தண்ணீர் செம்மண் நிறமாகி, அழுகிய முட்டை வாடை அடிக்கிறது. பிளீச்சிங் பவுடரைக் கூட்டிப் போட்டால் சரியாகுமா?
(தூத்தூர், கன்னியாகுமரி மாவட்டம்)

பதில்: ஆகாது. அழுக்கான தொட்டியில் போடும் குளோரின் முதலில் துருவோடும் சகதியோடும் சேர்ந்து தீர்ந்துபோகும். கிருமியைக் கொல்ல மிச்சம் இருக்காது. மிச்சம் இருக்கட்டும் என்று அள்ளிப் போட்டால் அது இரும்பைத் தின்னும், துரு கூடும்.

நிறம் துருவிலிருந்து வருகிறது. வாடை அடியில் படிந்த சகதியிலிருந்து வருகிறது. சகதிக்கு அடியில் காற்று போகாத இடத்தில் வாழும் ஒருவகை பாக்டீரியா, தண்ணீரில் உள்ள சல்பேட்டை ஹைட்ரஜன் சல்பைடாக மாற்றுகிறது. கடல் நீரில் சல்பேட் அதிகம் என்பதால், கொஞ்சம் உப்புத் தண்ணீர் உள்ளே வந்தாலே வாடை பல மடங்காகும். ஆகவே உங்கள் படகில் கசிவும் இருக்கலாம். அடுத்த கேள்விக்கான பதிலையும் சேர்த்துப் படியுங்கள்.

தொட்டியைத் திறந்து சுத்தம் செய்வதுதான் வழி. ஆனால் ஆள் இறங்குவதற்கு முன் ஒன்றைத் தெளிவாகப் புரிந்துகொள்ளுங்கள். மூடிக் கிடக்கும் இரும்புத் தொட்டிக்குள் துரு பிடிக்கும்போது அது உள்ளே இருக்கும் காற்றிலிருந்து ஆக்சிஜனை எடுத்துக்கொள்கிறது. வாடையே இல்லாமல், எச்சரிக்கையே இல்லாமல், இறங்கியவர் இரண்டு மூச்சில் மயங்கி விழலாம். அவரைத் தூக்க இறங்குகிறவரும் விழுவார். இப்படித்தான் ஒரே தொட்டியில் இரண்டு மூன்று உயிர்கள் போகின்றன. எனவே எல்லா மேன்ஹோலையும் திறந்து, புளோயரின் குழாயைத் தொட்டியின் அடி வரை விட்டு, குறைந்தது மூன்று நான்கு மணி நேரம் காற்று அடியுங்கள். ஆள் உள்ளே இருக்கும் வரை புளோயர் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். இறங்குபவர் இடுப்பிலும் தோளிலும் கயிறு கட்டியிருக்க, அதன் மறுமுனையை மேலே ஒருவர் வேறு வேலை பார்க்காமல் பிடித்திருக்க வேண்டும். ஆக்சிஜன் மீட்டர் கிடைத்தால் 20.9 காட்ட வேண்டும், 19.5-க்குக் கீழே என்றால் இறங்கவே கூடாது. மெழுகுவர்த்தி கொளுத்திப் பார்க்கும் பழக்கத்தை விட்டுவிடுங்கள். பெயின்ட் ஆவி இருந்தால் அதுவே தீ வைத்துவிடும்.

உள்ளே இறங்கியதும் சகதியை வாளியில் அள்ளி எடுங்கள். குழாய் வழியாக இறைத்தால் பம்ப் கெடும். செதில் செதிலாக எழும்பி நிற்கும் துருவைச் சுரண்டி, வயர் பிரஷ் போட்டு, நல்ல தண்ணீரில் இரண்டு முறை கழுவுங்கள். துருவை எடுக்க ஆசிட் ஊற்றவே கூடாது. ஆசிட் தங்கிய இடத்தில் பின்னால் பிளீச்சிங் பவுடர் பட்டால் குளோரின் வாயு கிளம்பும். மூடிய இடத்தில் அது ஆளைக் கொல்லும்.

அடுத்து தகட்டைத் தட்டிப் பாருங்கள். நல்ல தகடு கணீரென்று ஒலிக்கும். தேய்ந்தது மந்தமாக ஒலிக்கும். சந்தேகப்பட்ட இடங்களில் தடிமன் அளக்கும் மீட்டரை வைத்துப் பாருங்கள். குறிப்பாக அடித்தளத்தோடு சுவர் சேரும் மூலை, தண்ணீர் பாதியளவில் நிற்கும் கோடு, தடுப்புத் தகட்டின் வெல்டிங் ஓரம், இந்த மூன்றும்தான் முதலில் போகும். போட்டபோது இருந்த தடிமனில் நான்கில் ஒரு பங்குக்கு மேல் தேய்ந்திருந்தால் அந்தத் துண்டை வெட்டி எடுத்துப் புதுத் தகடு போட வேண்டும். மேலே ஒரு தகட்டை வைத்து ஒட்டு வெல்டிங் அடிப்பது மலிவாகத் தோன்றும். இரண்டு தகட்டுக்கும் நடுவே தண்ணீர் தங்கி, அடுத்த மீன்பிடித் தடைக்காலத்துக்குள் இரண்டுமே போய்விடும். உங்களுக்கு அது படகின் பக்கத் தகடும்கூட, எனவே இதில் சிக்கனம் வேண்டாம். வெல்டிங்குக்கு முன் சுவருக்கு அந்தப் பக்கம் டீசல் டேங்கா, மீன் அறையின் தெர்மோகோலா என்று பார்த்துவிடுங்கள்.

பூச்சுக்கு வருவோம். அடித்தட்டுக்குப் பூசும் தார் கலந்த எபாக்சி, சிவப்பு ஈயப் பிரைமர் இரண்டும் குடிநீர்த் தொட்டிக்குள் வரவே கூடாது, இரண்டும் விஷம். குடிநீர்த் தொட்டிக்கு உகந்தது என்று சான்றிதழ் உள்ள, கரைப்பான் இல்லாத எபாக்சி நல்ல பூச்சுதான். ஆனால் மணல் அடித்துத் தகட்டை வெள்ளையாக்கினால்தான் அது பிடிக்கும். வயர் பிரஷ் மட்டும் போட்ட பழைய தகட்டில் ஒரு வருடத்தில் தோல் உரிந்து, அந்தத் தோலே பம்பை அடைக்கும்.

மணல் அடிக்க வசதியில்லாத பழைய தொட்டிக்குக் கப்பல்களில் நெடுங்காலம் இருந்த சிமென்ட் பூச்சையே சொல்வோம். சாதாரண போர்ட்லண்ட் சிமென்ட்டை நல்ல தண்ணீரில் கஞ்சிப் பதத்தில் கரைத்து, ஈரத் தகட்டின் மேல் பிரஷ்ஷால் மூன்று கை, ஒவ்வொரு கைக்கும் நடுவே ஒரு நாள் விட்டுப் பூச வேண்டும். காய விடாமல் ஈரச் சாக்குப் போட்டு வையுங்கள். சிமென்ட்டின் காரத்தன்மைதான் இரும்பைத் துரு பிடிக்காமல் காக்கிறது. பூச்சு முடிந்தபின் தொட்டியை நிரப்பி இரண்டு மூன்று நாள் வைத்து வெளியேற்றுங்கள். இப்படி இரண்டு முறை செய்தால் காரச் சுவை போய்விடும். ஒவ்வொரு தடைக்காலத்திலும் விரிசல் விட்ட இடத்தைச் சுரண்டி மறுபூச்சு கொடுக்க வேண்டியிருக்கும். எபாக்சியென்றால் டப்பாவில் சொன்ன நாள் கணக்கு முடியும் வரை தண்ணீர் விடாதீர்கள்.

கடைசியாகக் கிருமி நீக்கம். நீளம், அகலம், உயரத்தை அடிக்கணக்கில் அளந்து பெருக்கி, 28.3-ஆல் பெருக்கினால் லிட்டர் வரும். 6 அடி நீளம், 4 அடி அகலம், மூன்றரை அடி உயரம் என்றால் 84 கன அடி, ஏறத்தாழ 2,380 லிட்டர். ஒரு லிட்டருக்கு 50 மில்லிகிராம் குளோரின் வேண்டும். 30 சதவீதம் குளோரின் உள்ள புதிய பிளீச்சிங் பவுடர் என்றால் ஆயிரம் லிட்டருக்கு 167 கிராம், இந்தத் தொட்டிக்கு 400 கிராம். 5 சதவீத சோடியம் ஹைப்போகுளோரைட் திரவமானால் ஆயிரம் லிட்டருக்கு ஒரு லிட்டர். பவுடரை நேராகக் கொட்டாதீர்கள். வாளியில் கொஞ்சம் தண்ணீர் விட்டுக் கூழாக்கி, வாளி முக்கால் நிறையும்வரை தண்ணீர் ஊற்றிக் கலக்கி, பத்து நிமிடம் தெளியவிட்டு, மேல் தெளிவை மட்டும் ஊற்றுங்கள். அடியில் நிற்பது சுண்ணாம்பு, அது தொட்டிக்குள் போக வேண்டாம். தொட்டியை விளிம்பு வரை நிரப்பி, எல்லாக் குழாயையும் திறந்து குளோரின் வாடை வரும்வரை ஓடவிட்டு மூடி, நான்கு மணி நேரம் வையுங்கள். இரவு முழுக்க விடுவதில் லாபமில்லை. இரும்புக்கும் ஸ்டீலுக்கும் கேடுதான். பிறகு முழுவதையும் வெளியேற்றி, நல்ல தண்ணீரில் கழுவி நிரப்புங்கள்.

கேள்வி: மரப் படகு. அணியத்துப் பக்கம் (படகின் முன்புறம்) மேல்தட்டுக்குக் கீழே பலகைத் தொட்டி கட்டி உள்ளே ஃபைபர் அடித்திருக்கிறோம். துறையில் இனிக்கிற தண்ணீர், கடல் அடித்த மறுநாள் கரிக்கிறது. எங்கே ஓட்டை என்று கண்டுபிடிக்க முடியவில்லை.
(அக்கரைப்பேட்டை, நாகப்பட்டினம்)

பதில்: நாக்கை நம்பாமல் தண்ணீரில் கரைந்த உப்பை அளக்கும், சட்டைப் பையில் அடங்கும் டி.டி.எஸ். மீட்டர் ஒன்றை வாங்குங்கள். கடல் நீரில் லிட்டருக்குச் சுமார் 35,000 மில்லிகிராம் உப்பு இருக்கிறது. ஆயிரம் லிட்டர் தொட்டியில் வெறும் பத்து லிட்டர் கடல் நீர் புகுந்தாலே அளவு ஏறத்தாழ 350 கூடிவிடும். துறையில் நிரப்பும்போது 300 காட்டிய தண்ணீர் ஐந்தாம் நாள் 650 காட்டினால், ஆயிரத்துக்குப் பத்து லிட்டர் உள்ளே வந்திருக்கிறது என்று அர்த்தம். இந்தியத் தர அளவின்படி குடிநீருக்கு 500 வரை நல்லது. வேறு தண்ணீரே கிடைக்காதபோது 2,000 வரை.

தினமும் காலையில் அளந்து, அன்றைய கடல் எப்படி என்பதையும் சேர்த்து நோட்டில் எழுதுங்கள். அந்த நோட்டே ஓட்டையைக் காட்டிக் கொடுக்கும். அலை அடித்த நாளில் மட்டும் எகிறினால் மூடி அல்லது காற்றுக் குழாய். கடல் அமைதியாக இருந்தும் தினமும் கொஞ்சம் கொஞ்சமாக ஏறினால் வால்வு அல்லது ஃபைபர் விரிசல். மீன் ஏற்றித் தட்டைக் கழுவிய அன்று ஏறினால் மூடியேதான். நீங்கள் சொல்வதை வைத்துப் பார்த்தால் முதல் வகை.

மூடியின் ரப்பர் விளிம்பில் சாக்பீஸ் தேய்த்து, மூடி இறுக்கித் திறந்து பாருங்கள். எதிர்விளிம்பில் வெள்ளைக் கோடு எங்கே அறுந்திருக்கிறதோ அங்கே ரப்பர் படவில்லை. பழைய படகுகளில் மூடி தட்டோடு தட்டாக இருக்கும். அலை நீரும் மீன் ரத்தமும் அதைச் சுற்றித் தேங்கும். மூடியைச் சுற்றி அரையடி உயரத்துக்கு விளிம்பு கட்டி, அதன் மேல் மூடி வைப்பதே நிரந்தரத் தீர்வு. காற்றுக் குழாய் தட்டிலிருந்து ஒன்றரை முதல் இரண்டடி உயர்ந்து, கொக்கின் கழுத்துபோல் வளைந்து, வாய் பின்பக்கம் பார்த்திருக்க வேண்டும். வாயில் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் வலை இருக்கட்டும். அந்த வலையில் பெயின்ட் பட்டு அடைத்தால், நிரப்பும்போது தொட்டி உப்பும், இறைக்கும்போது உள்வாங்கும். ஃபைபர் மூலை வெடிப்பதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

இன்னொன்றையும் பார்த்துவிடுங்கள். கடல் நீர் பம்பும் நல்ல தண்ணீர் பம்பும் டீ (T வடிவக் குழாய் இணைப்பு) போட்டு ஒரே லைனில் சேர்ந்திருந்தால், நடுவில் இருக்கும் வால்வு என்றாவது கசியும். அந்த டீயை அறுத்து எடுத்துவிடுங்கள். வால்வை மாற்றிப் பயனில்லை.

ஃபைபர்தான் வெடித்திருக்கிறது என்றால் மேலே பசை தடவுவது வீண். மரம் அசையும், கூர்மூலையில் அடித்த ஃபைபர் அசையாது, வெடிக்கும். அந்தப் பகுதியை அறுத்து, பலகையை முழுக்க உலரவிட்டு, மூலையை வளைவாக நிரப்பி, அதன் மேல் ஃபைபர் பாய் அடிக்க வேண்டும். ரெசின் வாடை போகச் சில வாரம் ஆகும். சுடுதண்ணீர் நிரப்பி வெளியேற்றினால் சீக்கிரம் குறையும்.

கேள்வி: துறைமுகத்தில் டேங்கர் லாரித் தண்ணீர்தான் பிடிக்கிறோம். எவ்வளவு பிளீச்சிங் பவுடர் போடுவது?
(தேங்காய்ப்பட்டணம்)

பதில்: ஆயிரம் லிட்டருக்கு 3 கிராம். முதல் பதிலில் சொன்ன 167 கிராம் தொட்டியைக் கழுவுவதற்கு. இது குடிக்கும் தண்ணீருக்கு. இரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம். நகைக்கடையில் இருப்பதுபோன்ற சிறிய மின்னணுத் தராசு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். கைக்கணக்கு வேண்டாம்.

கலக்கித் தெளியவைத்த நீரைத் தொட்டி கால்வாசி நிறைந்ததும் ஊற்றுங்கள். மீதி தண்ணீர் விழும் வேகத்தில் தானே கலந்துவிடும். அரைமணி நேரம் கழித்துக் குளோரின் சோதனைப் பெட்டியால் பாருங்கள். லிட்டருக்கு 0.5 மில்லிகிராம் இருந்தால் சரி. 0.2-க்குக் கீழே என்றால் இன்னும் ஒன்றரை கிராம். அப்படியும் நிற்கவில்லை என்றால் தண்ணீரிலோ தொட்டியிலோ அழுக்கு இருக்கிறது. பயணத்தில் வெயில் சூட்டில் குளோரின் தானே குறையும். மூன்று நான்கு நாளுக்கு ஒருமுறை சோதித்துப் பாதியளவு சேருங்கள். பவுடர் காற்றுப்படாத டப்பாவில் இல்லாவிட்டால் நம் கடற்கரை ஈரத்தில் சில வாரத்திலேயே வீரியம் இழந்துவிடும். பழைய பவுடர் என்றால் அளவு கூடும். புதிதாக வாங்குவதே மேல்.

பவுடரைவிட முக்கியம் ஹோஸ். துறைத் தளத்தில் மீன் கழிவிலும் டீசலிலும் புரண்ட ஹோஸின் முனையைத் தொட்டிக்குள் விட்டால் குளோரின் என்ன செய்யும்? குடிநீருக்கென்று தனி ஹோஸ், இரண்டு முனைக்கும் மூடி, சுருட்டி உயரத்தில் தொங்கவிட ஒரு கொக்கி. தட்டுக் கழுவ அதைத் தரவே கூடாது. நிரப்பும் முன் லாரித் தண்ணீரை ஒரு கண்ணாடி டம்ளரில் பிடித்துப் பாருங்கள். கலங்கியிருந்தாலோ வாடை இருந்தாலோ திருப்பி அனுப்புங்கள், கலங்கல் தண்ணீரில் குளோரின் வேலை செய்யாது. இரண்டு மூன்று நிமிடம் வெளியே ஓடவிட்டபின் தொட்டிக்குத் திருப்புங்கள். ஹோஸ் முனை தொட்டித் தண்ணீரில் முங்காமல் மேலே நிற்கட்டும்.

கேள்வி: பன்னிரண்டு பேர், இருபத்தைந்து நாள். எவ்வளவு தண்ணீர் ஏற்றலாம்? கூட ஏற்றினால் மீன் எடை குறைகிறது என்று டிரைவர் சொல்கிறார்.
(கடலூர் முதுநகர்)

பதில்: குடிக்க 5 லிட்டர், சமைக்க 3, முகம் வாய் கழுவவும் குளித்தபின் உடம்பை அலசவும் 2. ஆளுக்கு நாளுக்குப் பத்து லிட்டர். மொத்தம் 3,000 லிட்டர். இதன்மேல் கால்வாசி, 750 லிட்டர் சேர்த்து ஏற்றுங்கள். அந்தக் கால்வாசியைக் குறைக்கச் சொன்னால் கேட்காதீர்கள். 2017 நவம்பர் கடைசியில் வந்த ஒக்கி புயலில் குமரிப் படகுகள் லட்சத்தீவிலும் மகாராஷ்டிரத்திலும் குஜராத்திலும் போய் ஒதுங்கின. திரும்பும் நாளைக் கடல்தான் முடிவு செய்கிறது.

எல்லாத் தண்ணீரையும் ஒரே தொட்டியில் வைக்காதீர்கள். பன்னிரண்டு பேருக்கு ஐந்து நாள் குடிக்க 300 லிட்டர், அதாவது பதினைந்து 20 லிட்டர் கேன். இதைத் தனியாகக் கட்டி வைத்துத் தொடாமல் இருங்கள். ஒவ்வொரு பயணத்துக்கும் பழையதைக் கொடுத்துப் புதியது ஏற்றுங்கள்.

எடை பற்றி டிரைவர் கவலைப்படுவது சரிதான், ஆனால் வேறு காரணத்துக்காகப் பட வேண்டும். 3,750 லிட்டர் என்பது மூன்றேமுக்கால் டன். பாதி நிறைந்த தொட்டியில் தண்ணீர் ஆட்டத்தோடு சேர்ந்து ஓடி, படகு சாய்ந்த பக்கமே போய் மோதும். துளைபோட்ட தடுப்புத் தகடு உள்ளே இருக்கிறதா பாருங்கள். பழைய படகுகளில் துருப்பிடித்து விழுந்திருக்கும். இடது வலது தொட்டிகளை ஒரு நாள் விட்டு ஒரு நாள் மாற்றி மாற்றி எடுங்கள். இரண்டையும் இணைக்கும் குழாயில் வால்வு மூடியே இருக்கட்டும். திறந்திருந்தால் சாய்ந்த பக்கத்துக்கே தண்ணீர் வடிந்து சாய்வைக் கூட்டும். ஒன்று கெட்டால் மற்றதும் கெடும்.

கேள்வி: வெள்ளை பிளாஸ்டிக் டேங்க் வீல் ஹவுஸ் (படகை ஓட்டும் அறை) மேல் இருக்கிறது. உள்ளே பச்சை பிடிக்கிறது.
(காசிமேடு)

பதில்: வெளிச்சம் ஊடுருவுகிறது, பாசி வளர்கிறது. உள்ளே தேய்த்துக் கழுவி, மேலே சொன்ன கிருமி நீக்கம் செய்து, கறுப்பு உள்ளடுக்கு உள்ள தொட்டியாக மாற்றுங்கள். மாற்றும் வரை தார்ப்பாய் போட்டு மூடுங்கள். கயிற்றில் கட்டாமல் பட்டை போல்ட் போட்டு இறுக்குங்கள். அவ்வளவு உயரத்தில் முழுத் தொட்டி இருப்பது படகின் நிலைப்புக்கும் நல்லதில்லை, 200 லிட்டருக்கு மேல் அங்கே வைக்க வேண்டாம்.

கேள்வி: 24 வோல்ட் தண்ணீர் பம்ப் குழாய் மூடியிருந்தாலும் அரை நிமிடத்துக்கு ஒருமுறை ஓடி நிற்கிறது. ராத்திரியில் பேட்டரி இறங்கிவிடுகிறது.
(காசிமேடு)

பதில்: பம்புக்கு அடுத்துள்ள வால்வை மூடிப் பாருங்கள். ஓடுவது நின்றால் கசிவு அதற்கப்பால், சமையல் குழாயிலோ இணைப்பிலோ இருக்கிறது. மூடியும் ஓடினால் பம்புக்குள் இருக்கும் ரப்பர் வால்வில் துருச் செதில் சிக்கியிருக்கிறது, கழற்றிக் கழுவுங்கள். நிற்காமல் தொடர்ந்து ஓடினால் காற்று இழுக்கிறது. ஸ்ட்ரெய்னர் (வடிகட்டி) மூடியின் ஓ ரிங் என்ற ரப்பர் வளையம், உறிஞ்சும் ஹோஸின் கிளிப், இந்த இரண்டும்தான் வழக்கமான குற்றவாளி.

பழைய தொட்டிக்குப் பம்பின் முன்னால் ஸ்ட்ரெய்னர் கட்டாயம். உறிஞ்சும் குழாயின் வாய் அடித்தளத்திலிருந்து இரண்டு அங்குலம் மேலே நிற்கட்டும். சகதி அடியில் தங்கட்டும், அதை வெளியேற்ற மிகத் தாழ்ந்த இடத்தில் தனி டிரெயின் இருக்கட்டும். பேட்டரி செத்தாலும் தண்ணீர் கிடைக்க ஒரு கைப்பம்ப் பொருத்திவிடுங்கள்.

கேள்வி: புதிதாக வந்த பையன் டீசல் ஹோஸைத் தண்ணீர் மூடிக்குள் விட்டுவிட்டான். நாலைந்து லிட்டர் போயிருக்கும். டேங்கைக் காப்பாற்ற முடியுமா?
(குளச்சல்)

பதில்: முதலில் பம்பைப் போடாதீர்கள், டீசல் குழாய்களுக்குள் போகக் கூடாது. அடியிலிருந்து வடிக்கவும் கூடாது. தண்ணீர் இறங்க இறங்க, மேலே மிதக்கும் டீசல் சுவர் முழுக்கப் பூசிக்கொண்டே இறங்கும். அதற்குப் பதில் மெதுவாகத் தண்ணீர் விட்டு மட்டத்தை மேன்ஹோல் கழுத்து வரை உயர்த்துங்கள். டீசல் முழுவதும் அந்தச் சின்ன வாய்க்குள் திரண்டு நிற்கும். குவளையால் மொண்டு, மிச்சத்தைப் பழந்துணியால் ஒற்றி எடுத்து, தனி டிரம்மில் சேருங்கள். துறைத் தண்ணீரில் கொட்ட வேண்டாம்.

அதன்பின் வடித்து, பாத்திரம் கழுவும் சோப்புத் திரவத்தை வெந்நீரில் கலந்து மூன்று முறை தேய்த்துக் கழுவுங்கள். இரும்பும் ஸ்டெயின்லெஸ் ஸ்டீலும் மீளும். சிமென்ட் பூச்சு டீசலைக் குடித்துவிடும். சுரண்டி மறுபடி பூச வேண்டும். பிளாஸ்டிக் தொட்டி உறிஞ்சிக்கொள்ளும், அதைத் தண்ணீருக்கு இனிப் பயன்படுத்தாதீர்கள். ரப்பர் ஹோஸ்களையும் மாற்றுங்கள். சோதிக்க, தொட்டியை நிரப்பி ஒரு நாள் வைத்து, ஒரு டம்ளர் எடுத்து லேசாகச் சூடாக்கி முகர்ந்து பாருங்கள். வாடை இருந்தால் இன்னொரு முறை. கொதிக்கவைத்துக் குடித்துவிடலாம் என்று நினைக்காதீர்கள்.

பையனைத் திட்டிப் பயனில்லை. ஒரே மாதிரி இரண்டு மூடி பக்கத்தில் பக்கத்தில் இருந்தால் யாருக்கும் இது நடக்கும். தண்ணீர் மூடிக்கு நீலம், டீசலுக்குச் சிவப்பு பூசுங்கள். ஒன்றின் திருகு மற்றதற்குப் பொருந்தாத அளவில் மாற்றுங்கள். இன்று நம் படகுகளில் ஒடிசாவிலிருந்தும் வங்கத்திலிருந்தும் வந்தவர்கள் வேலை செய்கிறார்கள். தமிழ் எழுத்து மட்டும் போதாது. நீல மூடியில் ஒரு டம்ளர் படம் வரையுங்கள்.

கேள்வி: என் வீட்டுக்காரரும் மகனும் ஒரே படகு. ஒவ்வொரு தடவை திரும்பும்போதும் வயிற்றுப்போக்கோடு வருகிறார்கள். சாப்பாடா தண்ணீரா என்று எப்படித் தெரிந்துகொள்வது?
(வள்ளவிளை)

பதில்: படகு துறைக்கு வந்த உடனே, புதுத் தண்ணீர் சேரும் முன், தொட்டித் தண்ணீரைச் சோதிக்க வேண்டும், அம்மா. ஹைட்ரஜன் சல்பைடு சோதனைக் குப்பி என்று ஒன்று உண்டு. கோடு வரை தண்ணீர் ஊற்றி மூடி, வீட்டுச் சூட்டில் ஒன்றிரண்டு நாள் வைத்தால், மலக்கிருமி கலந்த தண்ணீர் கறுப்பாகும். கறுத்தால் மாவட்டத்தில் உள்ள தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்தின் ஆய்வகத்தில் முறையான சோதனைக்குக் கொடுங்கள். மாதிரி எடுக்கும் பாட்டிலையும் அவர்களிடமே கேட்டு வாங்குங்கள்.

தொட்டிக் குழாயில் ஒன்று, சமையல்கட்டு டிரம்மில் ஒன்று என இரண்டு குப்பியாக எடுங்கள். தொட்டி சுத்தமாக இருந்து டிரம் மட்டும் கறுத்தால், கைவிட்டு மொள்ளும் சொம்புதான் காரணம். பல படகுகளில் அதுதான் நடக்கிறது. டிரம்முக்கு அடியில் குழாய் வைத்தால் தீர்ந்தது. அதுவரை குடிக்கும் தண்ணீரைக் கொதிக்கவைக்கச் சொல்லுங்கள். காய்ச்சலோ ரத்தமோ சேர்ந்தால் உடனே மருத்துவரிடம் காட்டுங்கள்.

கேள்வி: ஐஸ் உருகிய தண்ணீரைக் குடிக்கலாமா? மழைத் தண்ணீர்?
(தூத்துக்குடி)

பதில்: மீன் அறையில் உருகிய ஐஸ் தண்ணீரைக் குடிக்கக் கூடாது, அதில் மீன் ரத்தம் இருக்கிறது. மீன் படாத ஐஸையும் குடிநீராக எண்ண வேண்டாம். மீனுக்கான ஐஸ் எந்தத் தண்ணீரில் உறைந்தது என்று நமக்குத் தெரியாது. உடைக்கும் தளமும் ஏற்றும் கையும் சுத்தமில்லை. மழை நீர் நல்லது. சுத்தமான தார்ப்பாய் கட்டி, முதல் பத்து நிமிட மழை உப்பையும் பறவை எச்சத்தையும் கழுவிப் போகட்டும். அதன்பின் தனி டிரம்மில் பிடியுங்கள். தொட்டியில் கலக்காமல் சமையலுக்கும் குளியலுக்கும் வையுங்கள்.

கேள்வி: தடைக்காலத்தில் டேங்கை நிரப்பி வைப்பதா, காலியாக வைப்பதா?
(சின்னமுட்டம்)

பதில்: காலியாக, உலர்ந்து, திறந்து. கிழக்குக் கரைக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள். மேற்கில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. இரண்டு மாதம் பாதித் தண்ணீர் நின்றால் அந்த மட்டக்கோட்டில் இரும்பு தின்னப்படும், அடியில் சகதி அழுகும். மேற்குக் கரையில் அது மழைக்காலம் என்பதால் மூடிக்கு மேலே சாய்வாகத் தகடோ பாயோ போட வேண்டும்.

டிரெயினைத் திறந்து வடித்து, மூலையில் தேங்கியதைத் துணியால் ஒற்றி எடுங்கள். குழாய்களையும் பம்பையும் வடியுங்கள். மேன்ஹோலைத் திறந்து கொசுவலை கட்டுங்கள். டெங்கு பரப்பும் கொசுவுக்குத் தொட்டி அடியில் நிற்கும் ஒரு கை தண்ணீர் போதும். காற்றுக் குழாயின் வலையையும் அன்றே பாருங்கள், குளவி மண்கூடு கட்டும். மூடியின் ரப்பரைக் கழற்றி நிழலில் வையுங்கள்.

கடலுக்குப் போகும் நாளுக்குப் பத்து நாள் முன்பே தொட்டி வேலை முடிந்திருக்க வேண்டும். ஒரு நாள் முழுக்க நிரப்பி, மட்டத்தைச் சாக்பீஸால் குறித்து, 24 மணி நேரம் கழித்து இறங்கியிருக்கிறதா என்று பாருங்கள். பிறகு கிருமி நீக்கம், கழுவல், கடைசி நிரப்பல். கரையேற்றிய படகை இறக்கிய அன்றே ஐஸும் தண்ணீரும் டீசலும் ஒன்றாக ஏற்றும் அவசரத்தில்தான் டீசல் ஹோஸ் தண்ணீர் மூடிக்குள் போகிறது.